சும்மாதான் போனோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மார்கழியில் நம்ம கூட்டமைப்பிலிருந்து 26 பேர் கொல்லிமலைக்குப் போனோம். ஒரு பகல் முழுக்கக் காட்டு வழியில் நடந்தோம். ஆகாய கங்கை அருவியைப் பார்த்தோம். போன வழியிலேயே திரும்பாமல், வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு, கிளம்பின ஊருக்கே வந்து சேர்ந்தோம். இப்போது இன்னும் இரண்டு தொகுப்புக் குழுக்கள் "நாங்களும் போகணும்" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் என்ன பார்த்தோம், எப்படிப் போனோம், எதில் கவனமாக இருக்கணும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறோம்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லணும். போகலாம் என்று பேச்சு எழுந்த உடனே எல்லோரும் கேட்டது, "இதை என்னன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதுறது?" என்றுதான். கண்டுணர் பயணம் என்று எழுதிவிடலாமா? பயிற்சி என்று போடலாமா? மலையில் மிளகு விளையுது, அதைப் பார்க்கப் போறோம்னு சொல்லலாமா? ஒரு அக்கா சொன்னார்: "கோயிலுக்குன்னு சொல்லிடுங்க. வீட்டுல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

யோசித்துப் பாருங்க. நாம் வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே போகிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேணும். கோயில், கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, வங்கி, குழுக் கூட்டம், மனு கொடுக்கப் போவது. எல்லாமே யாருக்காகவோ. "ஒரு அருவி இருக்காம், அதைப் பார்க்கணும்போல இருக்கு, போயிட்டு வர்றேன்" என்று நம்மில் எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருப்போம்? ஆம்பளைங்க கிளம்பினா யாரும் காரணம் கேட்கிறதில்லை. வண்டிச் சத்தம் கேட்டாத்தான் போயிட்டாங்கன்னே தெரியும்.

மூன்று கூட்டத்தில் பேசிப் பேசி, கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினோம்: "உறுப்பினர்கள் கொல்லிமலைக்கு அருவி பார்க்கச் செல்வது என்று முடிவு செய்யப்பட்டது." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வரி கிடையாது. வீட்டிலும் அப்படியே சொல்லணும், பொய்க் காரணம் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டோம். பொய் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த தடவையும் ஒரு பொய் தேடணும் இல்லீங்களா? உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு பேர் கடைசி வாரத்தில் வரமுடியாமல் போச்சு. ஒரு வீட்டில் மாமியாரே முன்னால் நின்று, "போயிட்டு வரட்டும், நான் சோறாக்கிப் போடுறேன்" என்று மகன் வாயை அடைத்தார். அந்த அம்மாவை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போகணும்.

சரி, எத்தனையோ அருவி இருக்க, எதுக்கு இந்த அருவி? நமக்கும் அதற்கும் சொந்தம் உண்டு. கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். ஆனால் அந்த மலை உச்சியிலிருந்து ஐயாறு என்கிற ஆறு கிளம்பி, அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஒரு இடத்தில் ஏறத்தாழ 300 அடி கீழே விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. விழுந்த தண்ணீர் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, திருச்சி மாவட்டத்தில் புளியஞ்சோலையில் வெளியே வருகிறது. நாம் சித்திரை வைகாசியில் பிள்ளைகளோடு போய் குளிக்கிறோமே, அந்தத் தண்ணீர். நம்ம பக்கத்து வயலுக்குப் பாய்கிற தண்ணீர். ஆடிப் பதினெட்டுக்குப் புளியஞ்சோலை வழியாக மலையேறி அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போகிற வழக்கமும் நம்ம ஊர்களில் உண்டு. அடியில் குளிக்கிற நமக்கு அது எங்கேயிருந்து விழுகிறது என்று பார்க்கணும்னு ஆசை. அதுதான் விஷயம்.

பணம் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். குழுச் சேமிப்பில் கை வைக்கவில்லை. சுழல் நிதியையும் தொடவில்லை. தொடவும் கூடாது. வாரம் 20 ரூபாய் தனி உண்டியல். 40 வாரத்தில் ஆளுக்கு 800 ரூபாய் சேர்ந்தது. வேன், சாப்பாடு, வழிகாட்டினவர்களுக்குக் கூலி எல்லாம் அதில் முடிந்தது. வாரம் கட்ட முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் குழுவே கொஞ்சம் போட்டுக்கொண்டது. யார் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு வேனில் கிளம்பினோம். நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வரைக்கும் சத்தமாக எண்ணினோம். முப்பதுக்கு மேல் யாரும் எண்ணவில்லை, பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். மலையேறுகிற அன்றைக்கு மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூற்றில் பாட்டு இருக்கிறது. ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழாவே எடுக்கிறார்கள்.

அன்று இரவு கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு மலைக்கிராமத்தில் சமுதாயக் கூடத்தில் தங்கினோம். அங்கேயும் சுய உதவிக் குழு இருக்கிறது. அந்தச் சகோதரிகள்தான் எங்களுக்கு எல்லாமே. கொல்லிமலையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இதற்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆளுகிறவர்கள் என்கிற அர்த்தத்தில் வந்த பெயர் என்று அவர்களே சொல்கிறார்கள். பேசுகிறது நம்ம தமிழ்தான்.

இரவு சாமைச் சோறும் ரசமும் போட்டார்கள். அந்தச் சாமைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முன்னாடி அந்த மலை முழுக்கச் சாமை, தினை, கேழ்வரகு. அப்புறம் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு வந்தது. கையில் காசு பார்க்கலாம். சாமை வயலெல்லாம் கிழங்குக் காடாகிவிட்டது. காசு மட்டும் காரணமில்லை. சாமையை உமி போகக் குத்தி எடுப்பது யார் வேலை? பொம்பளைங்க வேலை. உரலில் இரண்டு மூன்று தடவை குத்தணும், புடைக்கணும். கை கொப்புளம் போடும். "எப்படா இந்தச் சாமை ஒழியும்னு இருந்துச்சு" என்று ஒரு அக்கா வெளிப்படையாகவே சொன்னார். 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்து, உமி நீக்குகிற இயந்திரங்களைக் கொண்டுவந்து, குழுக்களையே நடத்த வைத்தது. குத்துகிற வேலை குறைந்த பிறகுதான் சாமை மறுபடி வயலுக்கும் அடுப்புக்கும் வந்தது. விதையை மட்டும் கொடுத்திருந்தால் வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

ராத்திரி அவர்கள் எங்களைக் கேலி பண்ணினார்கள். "நாங்க மிளகு மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு, எப்ப ரோடு வரும்னு நடக்குறோம். நீங்க காசு கொடுத்து நடக்க வர்றீங்களே!" நியாயம்தான். ஆனால் பேச்சு வளர வளர இன்னொன்று தெரிந்தது. எங்களோடு வழிகாட்ட வருவதாகச் சொன்ன அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அருவி அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அருவியில் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை என்றார். விறகுக்குப் போயிருக்கிறார், ஆடியில் கடை போட்டுப் பலாப்பழம் விற்றிருக்கிறார். "அங்க நமக்கு என்ன வேலை?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். பனி இறங்கி எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லை. வழி இப்படி: கிராமத்திலிருந்து வயல் வரப்பு வழியாகக் காட்டுக்குள் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் கோயில் வரைக்கும். அங்கிருந்து படி இறங்கி அருவி. மறுபடி படி ஏறி, சாயங்காலம் காப்பித் தோட்டங்களின் ஓரமாக இன்னொரு பாதையில் சுற்றி, கிராமத்தின் மேல்பக்கம் வந்து சேர்வது.

சுற்றுவழியில் ஒரு சிக்கல் உண்டு. போய்த் திரும்புகிற வழி என்றால் களைப்பு வந்த இடத்தில் திரும்பிவிடலாம். சுற்றுவழியில் பாதிக்கு வந்துவிட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே தூரம். அதனால் எங்கே முடிவெடுப்பது என்று முதல்நாளே பேசி வைத்துக்கொண்டோம். கோயில்தான் அந்த இடம். கோயில் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, பஸ் வருகிறது. முடியாதவர்கள் அங்கிருந்து வண்டி ஏறிவிடலாம். படி இறங்கி ஏறி மத்தியானம் இரண்டு மணிக்குள் கோயிலுக்கு வரவில்லை என்றால் யாருமே இரண்டாவது பாதைக்குள் போகக்கூடாது, எல்லோரும் ரோடு வழிதான். மார்கழியில் மலையில் சீக்கிரம் இருட்டிவிடும்.

நடக்கும்போது மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடணும். நம் ஊர்ப் பழக்கம் என்ன? வேகமாக நடக்கிறவர் முன்னே போய், ஒரு பாறையில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்த உடனே "கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைக்காது. அதனால் மூட்டுவலி உள்ள இரண்டு பேரை வழிகாட்டிக்கு அடுத்து விட்டோம். கடைசியில் ஊக்குநர் ஒருவர். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, நிற்கிற இடத்திலெல்லாம் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒருவர் எண்ணிச் சொல்லணும். விசில் இரண்டு. மலைக்குள் செல்போன் கோபுரம் சரியாக எடுக்காது, அதை நம்பிப் போகாதீங்க.

காட்டைப் பற்றி என்ன சொல்வது? எட்டு மணிக்குப் பனி விலகினபோது நாங்கள் நின்ற இடத்தில் நாலு பக்கமும் மரம்தான். பெரிய பெரிய பலா மரங்கள், அதில் சுற்றி ஏறின மிளகுக் கொடி. அது முடிந்து யாரும் நடாத காடு. தரையெல்லாம் மக்கின இலை, மிதித்தால் மெத்தை மாதிரி. பறவைச் சத்தம், கீழே எங்கேயோ தண்ணீர்ச் சத்தம். விறகு பொறுக்கிப் பழகின கை சும்மா இருக்குமா? இரண்டு மூன்று பேர் நடக்கும்போதே சுள்ளி பொறுக்கிக் கக்கத்தில் இடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வழிகாட்டி அக்கா சிரித்துக்கொண்டே, "போடுங்கம்மா, இன்னைக்கு அடுப்பு உங்களுது இல்ல" என்றார். போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வீசி வீசி நடந்தார்கள்.

ஒன்பதே காலுக்குக் கோயில். கும்பிட்டு, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டோம். இங்கேதான் குரங்கு. பையைக் கீழே வைத்தால் போச்சு. ஒருத்தர் புளிச்சோற்றுப் பொட்டலம் முழுசாகப் போனது, பை கிழிந்தது தனி. சாப்பாட்டைக் கையில் தொங்கவிட்டு நடக்காமல், தோளில் மாட்டுகிற பைக்குள் வைத்து மூடுங்க.

கோயிலிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. செங்குத்தாக இறங்குகிறது. எல்லோரும் நினைக்கிறோம் ஏறுவதுதான் கஷ்டம் என்று. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க முழங்காலில் விழுகிறது. மழை ஈரத்தில் படியில் பாசி வேறு. மூட்டுவலி உள்ளவர்கள் கம்பு ஊன்றி, நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் வலி குறையும். ஆனாலும் இறங்கின ஒவ்வொரு படியையும் திரும்ப ஏறியாகணும். இதைச் சொன்ன உடனே நாலு பேர் "நாங்க கோயில்லயே இருக்கோம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்று ஆரம்பிக்கிற பேச்சை அங்கே யாரும் பேசக்கூடாது என்பதும் முதல்நாளே பேசி வைத்ததுதான். வேலையாக வந்திருந்தால் முடித்தாகணும். இது சும்மா வந்தது. பிடிக்கிற வரைக்கும் போனால் போதும்.

மீதி 22 பேர் இறங்கினோம். படியின் கடைசித் திருப்பத்தில் முதலில் காற்று வந்தது, குளிர்ந்த ஈரக் காற்று. அப்புறம் சத்தம். பக்கத்தில் இருக்கிறவர் பேசினால் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் பாறைச் சுவர், அதன் உச்சியிலிருந்து வெள்ளையாக விழுகிறது. வெயில் பட்ட இடத்தில் சாரலில் வானவில். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரே கூச்சல்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரத்தில் நின்று, விழுகிற தண்ணீரின் ஓரச் சாரலில் குளித்தோம். நேராக அருவிக்கடியில் யாரும் போகவில்லை, அந்த வேகத்தில் சின்னக் கல்லு வந்து விழுந்தாலும் மண்டை உடையும். வழிகாட்டி அக்காவை நாலு பேர் சேர்ந்து தண்ணீருக்குள் இழுத்தார்கள். முதலில் திட்டினார். அப்புறம் வெளியே வர மறுத்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு பேர் குளித்திருப்போம். மீதிப்பேர் முறைக்காகக் கரையில் காத்திருந்தார்கள். அப்போது அந்த அக்காதான் மேலே பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் வெயில். ஆனால் அருவி விழுகிற உச்சிக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது. "போதும், எல்லாரும் ஏறுங்க" என்றார். காத்திருந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? "அஞ்சு நிமிஷம்க்கா", "மழையே இல்லையே", "ஒரு முங்கு போட்டுட்டு வந்துடுறோம்". ஒரு தங்கச்சி அழுதேவிட்டார். 40 வாரம் உண்டியல் போட்டது இதற்காகத்தானே? அக்கா யாரோடும் வாதாடவில்லை. துணியைப் பிழிந்துகொண்டு முதல் ஆளாகப் படி ஏற ஆரம்பித்தார். வழிகாட்டி ஏறினால் எல்லோரும் ஏறுவது என்று ஒப்புக்கொண்டிருந்தோம். ஏறினோம்.

வெள்ளம் வந்ததா? தெரியாது. நாங்கள் பாதிப் படியில் இருக்கும்போது தூறல் பிடித்தது, கோயிலுக்கு வரும்போது நின்றுவிட்டது. அருவி அப்புறம் என்ன ஆனது என்று பார்க்கத் திரும்பிப் போகவில்லை. குளிக்காதவர்களில் சிலர் இன்றைக்கும் "அன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது" என்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்த அக்கா செய்தது சரி. அருவித் தண்ணீர் நம் தலைக்கு மேலே பெய்கிற மழையால் கூடுவதில்லை. மேலே எங்கேயோ மைல் கணக்கில் பரந்த மலையில் பெய்கிற மழை எல்லா ஓடையிலும் இறங்கி ஒரே இடுக்குக்கு வருகிறது. அதனால்தான் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்தான். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் திடீரென்று மாறினாலோ ஒரு நொடி நிற்கக்கூடாது. துணி, செருப்பு, பை எதையும் எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறணும். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகப் பார்க்கக்கூடாது. மழை அதிகமானால் ஆகாய கங்கையில் குளிக்கத் தடை போடுகிறார்கள். தடை போட்டிருந்தால் பார்த்துவிட்டுத் திரும்புங்க, காவலரிடம் கெஞ்ச வேண்டாம்.

தண்ணீருக்கு ஐப்பசி, கார்த்திகை பயம் என்றால், நெருப்புக்கு மாசி, பங்குனி. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். மலையேற்றம் போனவர்கள், அதில் பெண்கள் பலர். சனி ஞாயிறு லீவில் மலையைப் பார்க்கப் போன பிள்ளைகள். அப்போது நம்ம ஊரில்கூட, "பொட்டைப் புள்ளைகளுக்கு மலை எதுக்கு?" என்று பேசினார்கள். நெருப்பு ஆண் பெண் பார்த்தா வந்தது? காய்ந்த புல் உள்ள காலத்தில் அந்தப் பாதையில் ஆட்கள் இருந்தார்கள், அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலைப்பாதைகளை முறைப்படுத்தித் திறந்து, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாக வைத்தது. அந்தப் பாதைகளையும் தீக்காலத்தில் மூடினார்கள். காப்புக்காட்டுக்குள் போகிற எந்தப் பாதையாக இருந்தாலும் முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி வாங்கணும். நாங்கள் பத்து நாள் முன்னாடியே ஆட்கள் பெயர், வயது, போகிற வழி எல்லாம் எழுதிக் கொடுத்தோம். அதன் ஒரு நகல் கூட்டமைப்பு அலுவலகத்திலும் இருந்தது. எங்கே போனோம் என்று ஒரு எழுத்து ஊரில் இருக்கணும்.

கோயிலுக்குத் திரும்பி வந்தபோது ஒன்றே முக்கால். கால் மணி நேரம்தான் மீதி. ஒரு உட்கார்வு போட்டுப் பேசினோம். கோயிலில் இருந்த நாலு பேரும், படி ஏறினதில் கால் பிடித்துக்கொண்ட மூன்று பேரும் ஊக்குநர் ஒருவரோடு பஸ்ஸில் போவது, மீதி 18 பேரும் சுற்றிப் போவது என்று முடிவானது. அவ்வளவு பேரும் நடந்தால்தான் பெருமை என்று யாரும் நினைக்கவில்லை. பஸ்ஸில் போனவர்கள் எங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்து சுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டாவது பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடு குறைவு, காப்பிச் செடி, சில்வர் ஓக் மரம், நடுநடுவே ஒரு வீடு. காலையில் கத்திப் பேசினவர்கள் எல்லாம் சாயங்காலம் அமைதியாக நடந்தார்கள். ஒரு மேட்டில் நின்று கிழக்கே பார்த்தபோது கீழே சமவெளி தெரிந்தது, நம்ம பக்கம். "அதோ நம்ம ஊரு" என்று ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டினோம். எது யார் ஊர் என்று கடைசி வரை முடிவாகவில்லை. ஐந்தரைக்குக் கிராமம்.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயம். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பாசியில் வழுக்கும். ஒரு அக்கா மகனுடைய பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார், எல்லோரையும்விட அவர்தான் நன்றாக நடந்தார். சேலையோ சுடிதாரோ உங்கள் இஷ்டம். சேலை என்றால் கணுக்காலுக்கு மேலே வருகிற மாதிரிக் கட்டுங்க, மாற்றுத்துணி ஒன்று கண்டிப்பாக. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீங்க. நடக்கிற நடையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வெல்லமோ மிட்டாயோ முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்க. இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்க.

மாதவிலக்கு நாள் வந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தயங்கி மூன்று பேர் தனியாக வந்து கேட்டார்கள். வரலாம், நடக்கலாம். நாப்கினைக் காட்டில் போடாமல் தாளில் சுற்றித் தனிப் பையில் திரும்பக் கொண்டுவரணும். கோயிலுக்குள் போவதும் போகாததும் அவரவர் விருப்பம், அதை யாரும் எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒதுங்குவதற்கு வழியில் எங்கே நிற்கலாம் என்று வழிகாட்டி அக்காவிடம் காலையிலேயே கேட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். இதற்குப் பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் நடக்கிறவர்கள்தான் முதலில் சுருண்டு விழுவார்கள்.

பிளாஸ்டிக் எதையும் மலையில் போடக்கூடாது. கொண்டுபோன பாட்டில் எத்தனையோ அத்தனையும் எண்ணித் திரும்பக் கொண்டுவந்தோம். அங்கே போடுகிறது மழையில் அடித்துக்கொண்டு புளியஞ்சோலைக்குத்தானே வரும்?

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, இதழைப் படித்துக் காட்டும்போது இதையும் படியுங்க. வேன் டிரைவருக்கு நாலு தடவை போன் பண்ணி "எங்க இருக்காங்க?" என்று கேட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. அக்கறையில்தான் கேட்டார். அடுத்த தடவை மலையில் ஓட்டும்போது டிரைவருக்குப் போன் பண்ணாமல், கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த பயணம் பற்றி: இரண்டு தொகுப்பிலும் சேர்த்து 30 பேருக்கு மேல் வேண்டாம் என்று மலைக்கிராமத்துச் சகோதரிகள் சொல்லியிருக்கிறார்கள், கூடத்தில் படுக்க இடம் அவ்வளவுதான். உண்டியல் இந்த மாதமே ஆரம்பிக்கணும். போன தடவை அருவியில் இறங்க முடியாமல் திரும்பினவர்கள் மறுபடி பெயர் கொடுத்தால் அவர்களுக்கு முதல் இடம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அழுத அந்தத் தங்கச்சி பெயர் கொடுத்தாச்சு. வழிகாட்டி அக்காவும் இந்த தடவை பத்து மணிக்குள்ளேயே அருவிக்குப் போய்விடணும், அதனால் காலை ஐந்தரைக்கே கிளம்பணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். டார்ச் லைட் ஐந்து பேருக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்க.